வலப்பக்கத்துக் கோழிகள்

செவ்வாய்க்கிழமைதோறும் நான் கோழி எச்சம் எடுக்கப் போவேன். ஆய்வகத்திலிருந்து வண்டியில் நாற்பது நிமிடம். பின் இருக்கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் மூடி போட்ட சிறிய டப்பாக்கள், ஒரு அழியாத மைப் பேனா. நகரம் முடிந்ததும் கிடங்குகள் வரும். கிடங்குகள் முடிகிற இடத்தில் சுண்ணாம்பு அரவை ஆலை. அதைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். ஆலைச் சுவர், எதிரே நிற்கும் மரங்கள், மரத்தடியில் படுத்திருக்கும் நாய் எல்லாம் ஒரே நிறம். அங்கிருந்து இரண்டாவது திருப்பத்தில் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒட்டினாற்போல ஒரு அறையும் சமையலறையும்.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவரைச் சுண்ணாம்பு என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் அந்த ஆலையில் மூட்டை கட்டியவர். நெஞ்சு கெட்டு வெளியே வந்தபோது பெயர் கூடவே வந்துவிட்டது. நான் அண்ணே என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அவர் எனக்கு வைத்த பெயர் எச்ச சார்.

"எச்ச சார் வந்தாச்சு. எல்லாரும் கொஞ்சம் மானமா நில்லுங்க" என்று கோழிகளைப் பார்த்துச் சொல்வார்.

கொட்டகையை நடுவில் கம்பி வலை கட்டி இரண்டாகப் பிரித்திருந்தோம். இடப்பக்கம் அறுபது கோழி, வலப்பக்கம் அறுபது. எல்லாம் ஒரே நாளில் பொரித்தவை. தீனியும் ஒன்றுதான்: அரைத்த மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு. இடப்பக்கத்துக்கு உரியதை மட்டும் தண்ணீரும் நாங்கள் கொடுத்த கிருமிக் கரைசலும் விட்டுப் பிசைந்து, நீல டிரம்மில் மூடி, இரண்டு நாள் புளிக்கவைத்துப் போட வேண்டும். வலப்பக்கத்துக்கு உலர்ந்த மாவு. இப்படிப் பன்னிரண்டு வாரம். புளித்த தீனி தின்ற கோழியின் குடலில் எந்தக் கிருமி பெருகுகிறது, எது அடங்குகிறது, மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் என்கிற கொழுப்பு குறைகிறதா என்று பார்ப்பது ஆய்வு.

இரண்டு பக்கத்துக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால் தீவனக் கம்பெனி அந்தக் கொட்டகையை ஒட்டியே பெரிய தொட்டி கட்டும். சுற்றிலும் உள்ள பண்ணைகளுக்கு அங்கிருந்து புளித்த தீனி போகும். தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை சுண்ணாம்புக்கு. ஈரமான தீனி, தூசி கிடையாது. வித்தியாசம் இல்லை என்று வந்தால் லாரி வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். கொட்டகையும் வீடும் கம்பெனியுடையவை. அவர் திரும்பிப் போக ஒரே இடம்தான் இருந்தது. ஆலை மேற்பார்வையாளர் வழியில் பார்க்கும்போதெல்லாம் "எப்ப வர்ற?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நாலாம் வார முடிவு நன்றாக வந்தது. அன்று அக்காவின் தம்பி முட்டை வண்டியில் அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன சார், நம்ம கோழிங்களுக்குக் கொழுப்பு எவ்வளவு இறங்கியிருக்கு?"

"இடது பக்கம் ஏழு சதவீதம்."

"வலது பக்கம்?"

"அப்படியே இருக்கு."

"அப்ப அந்த டிரம்ல இருந்து ஒரு உருண்டை எடுத்து எங்க மாமாவுக்கும் குடுங்க. இறங்க வேண்டிய இடம் அங்கதான்."

"எனக்கு இறங்கிட்டா உங்கக்கா யாரோடடா சண்டை போடுவா? பொழுது போகாம செத்துடுவா" என்றார் சுண்ணாம்பு. டிரம்மின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அப்படிப் பார்ப்பார். புளிப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நனைத்தால் நிறம் மாறுகிற தாள் கொடுத்திருந்தேன். அதைவிட அவர் மூக்கு துல்லியம். "இன்னும் ஒரு வேளை இருக்கணும் சார்" என்பார். தாளை நனைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

"எனக்கு ஒண்ணு புரியல சார். புளிச்சதைத் தின்னா கொழுப்பு ஏன் குறையணும்?"

"கொழுப்பை வச்சுத்தான் உடம்பு பித்தம் தயார் பண்ணுது. பித்தம் குடலுக்கு வந்து வேலையை முடிச்சிட்டுத் திரும்ப உடம்புக்கே போயிடும். புளிச்ச தீனியில இருக்கற கிருமி குடல்ல பெருகிடுச்சுன்னா அந்தப் பித்தத்தை உடைச்சிடும். உடைஞ்சது திரும்பாது. எச்சத்தோட வெளியே போயிடும். அப்ப உடம்பு புதுசா பித்தம் பண்ணணும். அதுக்கு இருக்கற கொழுப்பை எடுக்கும்."

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"அதாவது, பாத்திரத்தைக் கழுவி வைக்காம உடைச்சுக்கிட்டே இருந்தா வீட்ல இருக்கற காசெல்லாம் பாத்திரத்துக்கே போயிடும். அதானே?"

"கிட்டத்தட்ட."

"எங்க வீட்லயும் அந்தக் கிருமி ஒண்ணு இருக்கு சார்."

அக்கா முட்டை பொறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "பதினாறு வருஷத்துல நான் உடைச்சது ரெண்டே ரெண்டு தட்டு."

"மூணு."

"மூணாவது நீங்க எறிஞ்சது. நான் குனிஞ்சேன், சுவர் வாங்கிக்கிச்சு. கணக்கை ஒழுங்கா சொல்லுங்க, படிச்சவர் நிக்கறார்."

தம்பிக்காரன் சிரித்ததில் ஒரு அட்டை சரிந்தது. இரண்டு முட்டை உடைந்தது. அதற்கும் அவர்தான் காரணம் என்று அக்கா அவரைத் திட்டினார்.

கிளம்பும்போது வேகவைத்த முட்டைகளை ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார்.

"வீட்ல யார் தம்பி சமைக்கறது?"

"நான்தான்."

"என்ன செய்வீங்க?"

"ஏதாவது."

தம்பிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அவர் வீட்ல தவறிட்டாங்க. அதைப் போய்க் கேட்டுக்கிட்டு."

"தெரியும்டா. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

என் மனைவி இறந்து அப்போது பதினான்கு மாதம். அதற்குப் பிறகு அடுத்த வீடுகளின் சத்தம் எனக்கு அதிகம் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஐந்தாம் வாரம் காற்று ஆரம்பித்தது. நாள் முழுவதும் தகரம் அதிர்ந்தது. வேலியோரம் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இல்லை. அந்தச் செவ்வாய் வழக்கத்தைவிட சீக்கிரம் போய்விட்டேன். சுண்ணாம்பு வலப்பக்கத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தார். மூட்டையின் வாயைப் பிரித்ததுமே மாவு புகையாக எழும்பியது. அவர் அள்ளித் தொட்டியில் கொட்டக் கொட்ட, அறுபது கோழியும் இறக்கையை அடித்துக்கொண்டு வந்து விழுந்தன. வலை தெரியவில்லை. அவர் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

அந்த இருமலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தொண்டையைச் செருமுவது போல நாலைந்து. பிறகு உள்ளிருந்து இழுத்து இழுத்து வரும். கடைசியில் சத்தமே இருக்காது, வாய் திறந்திருக்கும், தோள்கள் மட்டும் ஏறி இறங்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினார். சுண்ணாம்பு அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நான் போடறேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க."

"நீ போட்டா மட்டும் தூசி மரியாதையா கீழே உக்காந்துக்குமா? மூட்டை பக்கத்துலதானே நானும் கிடக்கறேன்."

அது உண்மை. அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு தடுப்புதான். அதுவும் கூரை வரை இல்லை.

நான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, இந்தப் பக்கத்துத் தீனியைக் கொஞ்சம் ஈரமாக்கிப் போட்டா என்ன?"

"கூடாதுக்கா. உலர்ந்துதான் போடணும்."

"ஏன்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

வெயில் ஏறுவதற்குள் பெட்டியோடு ஆய்வகம் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. காரணம் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்த வாரம் அவர் இருமவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி நடந்தார். "காத்து குறைஞ்சிடுச்சு தம்பி" என்றார் அக்கா. தகரம் தலைக்கு மேல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் போகிற பதினொரு மணிக்குத் தொட்டிகள் காலியாக இருக்கும். என் வேலை கோழியின் பின்பக்கம். முன்பக்கத்தில் என்ன போகிறது என்று நான் பார்த்ததில்லை.

எட்டாம் வார முடிவுகள் வந்தபோது மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வகத்துக்குப் பொறுப்பு அவர்தான். இரண்டு தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்.

"மஞ்சள் கருவுல கொழுப்பு. ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் கிராமுக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு மில்லிகிராம். இப்ப இடது பத்து புள்ளி ஒன்பது. வலது பதினொண்ணு. இது என்ன?"

நான் பார்த்தேன்.

"எச்சத்தையும் பாருங்க. புளிக்க வைக்கற கிருமி வலது பக்கத்துலயும் ஏறியிருக்கு. கெட்ட கிருமி ரெண்டுலயும் இறங்கியிருக்கு. வலப்பக்கத்துக் கோழிக்கு இதை யார் கொண்டுபோய்க் குடுத்தது? காத்துல வந்துச்சா?"

"தெரியல மேடம்."

"டப்பா மாறிடுச்சா?"

"இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலை மெதுவாக்கிக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க நிலைமை எனக்குப் புரியுது. உடம்பு இங்க இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். பேரை மாத்தி எழுதியிருந்தா சொல்லிடுங்க. உங்களைக் கொஞ்ச நாள் உள்ளேயே வச்சுக்கறேன், வேற ஆளை அனுப்பறேன். அதே கொட்டகையில இன்னும் சில வாரம் நீட்டிச்சுப் பார்த்துக்கலாம். கம்பெனிகிட்ட நான் பேசறேன்."

"மாத்தி எழுதல மேடம்."

"அப்படின்னா அங்க ஏதோ நடக்குது. போய்ப் பாருங்க. சொல்லாம போங்க."

வியாழக்கிழமை மதியம் போனேன். சுண்ணாம்பு மச்சானோடு முட்டை வண்டியில் போயிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் நிழலில் அக்கா ஒரு அகலத் தொட்டிக்கு முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரை மாவு. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். பிறகு, எழுந்தது தப்பு என்று தோன்றியதுபோல மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு செவ்வாய் இல்லியே தம்பி."

"இல்லக்கா. இது எந்தப் பக்கத்துக்கு?"

நான் உள்ளே போனேன். வலப்பக்கத்துத் தொட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தேன். கருத்து, பசை மாதிரி இருந்தது. முகர்ந்தால் மூக்கில் ஏறியது. தாளை எடுத்து அதில் அழுத்தினேன். நீல டிரம்மில் அழுத்தினால் வருகிற அதே ஆரஞ்சு நிறம் வந்தது.

திரும்பி வந்து அவருக்குக் காட்டினேன்.

"வெறும் தண்ணி தம்பி. சத்தியமா வெறும் தண்ணிதான் தெளிச்சேன். உங்க கரைசலை நான் தொடக்கூட இல்ல."

"எப்பத்துல இருந்து?"

"அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனீங்க இல்ல, அந்த வாரத்துல இருந்து."

"எப்ப தெளிப்பீங்க?"

"முதல்ல காலையில தெளிச்சேன். மேல மட்டும் நனையுது, அள்ளும்போது அடியில இருந்து பறக்குது. அப்புறம்தான் முந்தின நாள் மத்தியானமே பிசைஞ்சு, கோணியைப் போட்டு மூடி வச்சேன். காலையில நல்லா இறங்கியிருக்கும். ஒரு துளி பறக்காது. கோழியும் ஆசையா தின்னுது."

"இந்த வெயில்ல?"

"வெயில்னா?"

"எந்த வாளியில தண்ணி எடுப்பீங்க?"

"இதேதான். சிவப்பு வாளி விரிசல் விட்டுடுச்சு."

அது இடப்பக்கத்து வாளி. டிரம்மில் இருந்து புளித்த மாவை அள்ளுகிற வாளி.

"கழுவித்தான் எடுக்கறேன் தம்பி. தேய்ச்சுக் கழுவி."

"கழுவினா போகாதுக்கா. விளிம்புல ஒட்டினது போதும். தண்ணி, மாவு, சூடு, ஒரு நாள். தானாவே புளிச்சிடும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு பிசைந்து வைத்ததை. கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"அப்ப ரெண்டு பக்கமும் ஒரே தீனிதான் போயிருக்கு."

"ஆமா."

"ரெண்டு பக்கமும் கொழுப்பு இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கு."

அவர் முகம் மாறியது. "அப்ப அது வேலை செய்யுதுன்னுதானே தம்பி அர்த்தம்? ஒரு கூண்டுல செஞ்சா நம்ப மாட்டாங்களோ என்னவோ, ரெண்டுலயும் செஞ்சிருக்கே. அதைப் போய்ச் சொல்லுங்க."

"ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"ஏன்?"

"ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு இருக்கணும். வறண்டதைத் தின்ன கோழி. இப்ப அது இல்ல. கோழிக்கு வயசானதால இறங்குச்சா, வெயில்ல இறங்குச்சான்னு கேப்பாங்க. நம்மகிட்ட பதில் இல்ல."

ஐந்தாம் வாரம் சொல்லியிருக்க வேண்டியதை ஒன்பதாம் வாரம் சொன்னேன்.

ஒரு கோழி வேலிக்கு உள்ளேயிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வறண்டதைத் தின்ன கோழி வேணும்னா, வறண்டதை அள்ளிப் போட ஒரு ஆளும் வேணும் இல்ல தம்பி? அந்தப் பேப்பர்ல கோழிக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு வெளிச்சம்னு எல்லாம் போட்டிருக்கீங்க. அந்த ஆளைப் பத்தி ஒரு வரி இல்லியே."

"இல்ல."

"ராத்திரியில உக்காந்துக்கிட்டே தூங்குவார். படுத்தா மூச்சு முட்டும். நான் முழிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே கிடப்பேன். இந்த மூணு வாரம்தான் மனுஷன் கால் நீட்டிப் படுத்தார். குறட்டை கூட விட்டார். அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல, ஆனா சந்தோஷமா இருந்துச்சு."

கையில் இருந்த மாவு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை உரித்தார்.

"உங்க டப்பா மாறிப்போச்சுன்னு சொல்ல முடியாதா தம்பி? கேக்கக் கூடாதுதான். நாளையில இருந்து நான் வறண்டதே போடறேன். என் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நானே போடறேன். அவரை எங்கேயாவது அனுப்பிடறேன் அந்த நேரத்துக்கு. இன்னும் கொஞ்ச நாள் குடுத்தா சரியா வந்துடும் இல்ல?"

வந்துவிடும். உலர்ந்த தீனிக்குத் திரும்பினால் வலப்பக்கத்துக் கோழிகள் சில வாரத்தில் பழையபடி ஆகும். மேடம் தானாகவே அந்தக் கதவைத் திறந்தும் வைத்திருந்தார். எனக்கு அதில் இழப்பு ஒன்றும் கிடையாது. உள்ளே உட்காருவதும் வெளியே போவதும் எனக்கு அப்போது ஒன்றுதான். வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"பார்க்கறேன்க்கா" என்றேன்.

"நனைக்கறது தெரியும், புளிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம். என்னால கெட்டுச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவார்."

மறுநாள் காலை ஆய்வகத்தில் படிவத்தை எடுத்தேன். தேதி, கூண்டு எண், கண்டது. கை பழக்கத்தில் எழுதியது. கண்டது என்ற இடத்தில் கண்டதை எழுதினேன். நேர்மை என்று அதைச் சொல்ல முடியாது. வேறு ஒன்றை எழுத வேண்டுமானால் கொஞ்சம் மனம் அசைய வேண்டும். அது அசையவில்லை.

மேடம் படித்துவிட்டு ஒரு வரியை அடித்தார். 'தூசியைக் குறைப்பதற்காக' என்று நான் எழுதியிருந்தேன்.

"காரணம் எதுக்கு? அது ஆய்வுல வராது."

அதற்குப் பதில் மேலே ஒரு வரி சேர்த்தார். 'பண்ணைப் பெண்ணின் அறியாமையால் ஒப்பீட்டுக் கூண்டு கெட்டது.' கையெழுத்துப் போட்டார். "பாவம்தான்" என்றார். "ஆனா வேற இடம் பார்க்கறதுதான் நல்லது. ஒரு தடவை விதியை மீறினவங்க மறுபடியும் மீறுவாங்க."

பத்தாம் வாரம் லாரி வந்தது. கம்பெனி ஆள் ஒருவர் கையில் தாளோடு வந்திருந்தார். என்னையும் கணக்கு ஒப்படைக்க வரச் சொல்லியிருந்தார்கள். அன்றும் காற்று. கம்பெனி ஆள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டார்.

"தண்ணி தெளிச்சது யாரு?"

அக்கா முன்னால் வந்தார். "நான்தாங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானேதான்."

கம்பெனி ஆள் சுண்ணாம்பைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

சுண்ணாம்பு கோழிக் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை.

"தெரியாதுங்க."

"வீட்டுப் பொம்பளை என்ன செய்யறாங்கன்னு பார்த்துக்க வேண்டாமா?"

"வேண்டியதுதான்."

அக்காவின் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து அழுத்தினார். கம்பெனி ஆள் தாளில் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரை நேரம் கொடுத்தார். பெரிய மனது பண்ணுவதுபோலத்தான் சொன்னார்.

கோழி பிடிக்க நானும் இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. சும்மா நிற்க முடியவில்லை. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டும், கைக்கு மூன்று. முதலில் அடித்துக்கொள்ளும், பிறகு இறக்கை விரிந்தபடி அடங்கிவிடும். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் போனோம். இறகும் காய்ந்த எச்சமும் தூளாகப் பறந்தன. சுண்ணாம்பு இரண்டு நடை நடந்ததும் இருமல் வந்துவிட்டது. மூன்றாம் கட்டம் வரை போனது. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். முதுகில் கை வைக்கவில்லை.

மூச்சு திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"அண்ணே, தினமும் டிரம்மை மோந்து பார்க்கறவர் நீங்க. இந்தப் பக்கத்துத் தொட்டியில வாசனை தெரியலியா?"

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பது போல இருந்தது, சிரிப்பு இல்லை.

"ரெண்டாவது நாளே தெரியும் சார்."

வலையிலிருந்து கையை எடுத்தார்.

"அள்ளும்போதே தெரிஞ்சுபோச்சு. இது தண்ணியில நனைஞ்ச மாவு இல்ல, டிரம் மாவுக்குத் தம்பின்னு. இப்படியே போட்டா உங்க ஆய்வு நாசமா போயிடும்னும் தெரியும். நீங்கதான் எல்லாத்தையும் விளக்கிச் சொல்லியிருக்கீங்களே. இவளைக் கூப்பிட்டு நிறுத்துடின்னு சொல்லணும். வாயைத் திறந்தேன். உள்ளே காத்து போச்சு சார். தடங்கல் இல்லாம, அடி வரைக்கும். பதினோரு வருஷம் கழிச்சு. சரி, இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தினமும் அதே ஒரு நாள்தான்."

கீழே விழுந்த ஒரு கோழியைக் குனிந்து எடுத்தார். அதன் கழுத்தை நீவிவிட்டார்.

"பழி அவ மேல போகும்னும் தெரியும். அதுவும் தெரிஞ்சுதான் இருந்தேன். இன்னைக்கு அந்த ஆளு கேட்டான் பாருங்க, அப்பவாவது சொல்லியிருக்கலாம். வரல."

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லி?" அவர் குரல் கறாராக ஆனது. "இப்ப அவளுக்கு என்னைப் பார்த்தா பாவமா இருக்கு. நம்மால இந்த மனுஷன் மறுபடியும் ஆலைக்குப் போறானேன்னு இருக்கு. அங்க போய்ட்டு வந்து படுக்கும்போது பக்கத்துல பாவப்படற ஆள் ஒண்ணு வேணும் சார் எனக்கு. தெரிஞ்சுதான் விட்டேன்னு சொன்னா அதுவும் போயிடும். நீங்க வாயைத் திறக்காதீங்க."

மூன்று கோழிகளை ஒரு கையில் சேர்த்துக்கொண்டு வெளியே போனார்.

லாரி கிளம்பியதும் கொட்டகையில் தகரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. தம்பிக்காரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் மீதி டப்பாக்களைப் பெட்டியில் போட்டேன். எழுத ஒன்றும் இல்லாததால் பேனாவை எடுக்கவில்லை. அக்கா வண்டி வரை வந்தார்.

"படிவத்துல எழுதிட்டீங்க இல்ல தம்பி."

"ஆமாக்கா."

"சரி. உங்க வேலை அது." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "உள்ளே என்ன சொன்னார்? ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்களே. என் மேல கோவமா இருக்காரா?"

"இல்லக்கா."

"ஒரு வார்த்தை திட்டல தம்பி. என்னடி இப்படிப் பண்ணிட்டேன்னு கூடக் கேக்கல. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கும் பேசாம சாப்பிட்டார், பேசாம படுத்தார். வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் என்னைத் தெருவுல நிக்க வச்சிருப்பான்."

நான் பெட்டியின் கயிற்றை இறுக்கினேன். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"திங்கக்கிழமையில இருந்து ஆலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அரவைப் பக்கம்தான் ஆள் வேணுமாம்." அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு நீல டிரம்மை உருட்டிக் கழுவுகிற சத்தம் கேட்டது. "நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன் தம்பி. இனிமே அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசறதில்ல. நல்லதோ கெட்டதோ, சரின்னு கேட்டுக்கப் போறேன். அதாவது செய்யணும் இல்ல நான்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாக்கா" என்றேன்.